நியூ ஜெர்சியில் ஒரு பந்தயத்தின் விலை

நியூ ஜெர்சியில் விளையாட்டுப் பந்தயம் ஏற்கும் எந்த ஸ்போர்ட்ஸ்புக் ஆப்பைத் திறந்தாலும் ஆட்டத்தின் பக்கத்தில் -110 என்ற எண் நிற்கும். பெரும்பாலும் இரண்டு பக்கத்துக்கும் அதே எண்தான். 100 டாலர் லாபம் பார்க்க 110 டாலர் கட்ட வேண்டும் என்று பொருள். பந்தயத்தின் விலை அந்தப் பத்து டாலருக்குள் ஒளிந்திருக்கிறது. டிக்கெட்டில் கட்டணம் என்று தனியாக எதுவும் அச்சாவதில்லை. அதனால் பலர் விலையே கொடுக்கவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

கணக்கு எளிது. நாணயம் சுண்டுவதுபோல இரண்டு பக்கமும் சரிசமமான ஆட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முறை 110 கட்டுகிறீர்கள், ஒருமுறை ஜெயித்து 100 வருகிறது, ஒருமுறை தோற்று 110 போகிறது. 220 டாலர் புரண்டதில் 10 டாலர் நஷ்டம். 100 டாலருக்கு 4 டாலர் 55 சென்ட். நஷ்டமில்லாமல் நிற்க வேண்டுமானால் நூற்றுக்கு 50 அல்ல, 52.38 ஜெயிக்க வேண்டும். இந்தப் பதிவில் மீதி எல்லாமே அந்த 4.55 எங்கே குறைகிறது, எங்கே சத்தமில்லாமல் 17 ஆகிறது என்பதைப் பற்றித்தான்.

அதற்கு முன், சட்டம் எதை உறுதி செய்கிறது என்பது தெளிவாக வேண்டும். 1992இல் வந்த கூட்டாட்சிச் சட்டம் ஒன்று நெவாடா, ஒரேகான், டெலவேர், மான்டானா தவிர மற்ற மாநிலங்களில் விளையாட்டுப் பந்தயத்தைத் தடுத்தது. அதை முன்னின்று நடத்தியவர் நியூ ஜெர்சியின் செனட்டரும் முன்னாள் கூடைப்பந்து வீரருமான பில் பிராட்லி. அட்லாண்டிக் சிட்டியில் கேசினோக்கள் இருந்ததால் பந்தயத்தை அனுமதித்துக்கொள்ள நியூ ஜெர்சிக்கு ஓராண்டு அவகாசம் கிடைத்தது. மாநிலம் அதைப் பயன்படுத்தவில்லை. 2011இல் வாக்காளர்கள் மனம் மாறினார்கள், 2012இல் மாநிலம் சட்டம் இயற்றியது, விளையாட்டு லீக்குகள் வழக்குப் போட்டன. கடைசியில் 2018 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் 1992 சட்டத்தையே செல்லாததாக்கியது. ஒரு மாதம் கழித்து, ஜூன் 14 அன்று மான்மவுத் பார்க் குதிரைப் பந்தயத் திடலிலும் அட்லாண்டிக் சிட்டியின் போர்காட்டா கேசினோவிலும் கவுன்ட்டர் திறந்தது. மான்மவுத் பார்க்கில் முதல் பந்தயம் கட்டிய அப்போதைய ஆளுநர் ஃபில் மர்ஃபி, உலகக் கோப்பையை ஜெர்மனி வெல்லும் என்று கட்டினார். ஜெர்மனி முதல் சுற்றோடு வெளியேறியது.

இன்று இதையெல்லாம் மேற்பார்வை செய்வது மாநிலத்தின் சூதாட்ட அமலாக்கப் பிரிவு. உங்கள் பணம் பத்திரமாக இருக்கிறதா, ஜெயித்த பந்தயத்துக்குப் பணம் வருகிறதா, 21 வயது நிரம்பாதவர்கள் உள்ளே வராமல் தடுக்கப்படுகிறார்களா என்பதை அது பார்த்துக்கொள்ளும். நீங்கள் வாங்கும் ரேட் (-110 போன்ற எண்) நியாயமானதா என்பதைப் பார்ப்பது அதன் வேலை அல்ல. அது முழுக்க உங்கள் பொறுப்பு.

கணக்குத் தொடங்கும்போது பெயர், முகவரி, பிறந்த தேதி, சமூகப் பாதுகாப்பு எண் கேட்பார்கள். நம்மவர்களுக்குச் சிக்கல் வருவது பெயரில்தான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இல்லாமல் வந்தவர்களுக்கு ஒரு ஆவணத்தில் பெயர் ஒருவிதமாகவும், ஓட்டுநர் உரிமத்தில் வேறுவிதமாகவும் இருக்கும். ஆப் பெயரைச் சரிபார்ப்பது அரசு, வங்கிப் பதிவுகளோடு என்பதால், சமூகப் பாதுகாப்பு அட்டையில் எந்த வரிசையில் இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். முதல் முயற்சி தோற்றால் எழுத்தை மாற்றி மாற்றித் திரும்பப் பதிய வேண்டாம், ஒரே ஆள் பல கணக்கு திறப்பதாகத் தெரிந்து முடக்கம் விழும். உரிமத்தின் படத்தையும் முகவரிக்கான ஆவணத்தையும் அனுப்பி, ஆள் வைத்துச் சரிபார்க்கச் சொல்வதே வழி. பணம் போடும் வங்கிக் கணக்கும் அதே பெயரில் இருக்க வேண்டும். கணவன் கணக்கில் மனைவி பந்தயம் கட்டுவதும், வேறு மாநிலத்து நண்பனுக்காக நீங்கள் கட்டிக்கொடுப்பதும் விதிமீறல். கிரெடிட் கார்டு வேண்டாம். பல வங்கிகள் அதை ரொக்க முன்பணமாக எடுத்துக்கொண்டு அன்றிலிருந்தே கட்டணமும் வட்டியும் போடும். ஆட்டம் தொடங்கும் முன்பே விலை ஏறிவிடும்.

நியூ ஜெர்சிவாசியாக இருக்க வேண்டியதில்லை, பந்தயம் கட்டும் நொடியில் உடல் மாநில எல்லைக்குள் இருந்தால் போதும். நெவார்க் விமான நிலையத்தில் காத்திருக்கும் பயணி கட்டலாம். நியூ யார்க் பெயரைச் சுமக்கும் ஜயன்ட்ஸும் ஜெட்ஸும் ஆடும் மெட்லைஃப் மைதானம் ஈஸ்ட் ரதர்ஃபோர்டில் இருப்பதால், அங்கே உட்கார்ந்து கட்டுவது நியூ ஜெர்சிப் பந்தயம். நியூ யார்க்கில் 2022 ஜனவரியில் மொபைல் பந்தயம் வரும்வரை, ஹட்சன் ஆற்றைத் தாண்டி நியூ ஜெர்சியின் ஹோபோக்கனுக்கு ரயிலில் வந்து கட்டிவிட்டுத் திரும்பியவர்கள் ஏராளம்.

நீங்கள் எல்லைக்குள் இருக்கிறீர்களா என்று ஆப் செய்யும் இட சோதனை தோற்பதற்குக் காரணங்கள் திரும்பத் திரும்ப அதே நாலைந்துதான். இருப்பிடத்தை மறைக்கும் விபிஎன் ஓடிக்கொண்டிருப்பது முதல் காரணம். அலுவலக லேப்டாப்பில் அது தானாகவே ஓடும், எனவே அதில் முயலவே வேண்டாம். தொலைவிலிருந்து கணினியை இயக்கும் மென்பொருள் எதுவும் நிறுவப்பட்டிருந்தால், ஓடாமல் இருந்தால்கூடச் சிக்கல் வரலாம். போனில் இட அனுமதி "துல்லியமாக" என்று இல்லாமல் "தோராயமாக" என்று இருந்தால் மறுக்கும். வைஃபை அணைந்திருந்தால் சோதனைக்குச் சுற்றியுள்ள வைஃபை சமிக்ஞைகள் கிடைக்காது, எனவே எந்த நெட்வொர்க்கிலும் இணையாவிட்டாலும் வைஃபையைப் போட்டு வையுங்கள். ஹட்சன் ஆற்றங்கரையிலும் டெலவேர் ஆற்றங்கரையிலும் எல்லைக்கு மிக அருகில் இருந்தால், மாநிலத்துக்குள்ளேயே நின்றாலும் தள்ளிவிடும். கொஞ்சம் உள்ளே நடந்து வந்து மீண்டும் முயல்வதுதான் மருந்து.

கவுன்ட்டரில் கட்டுவதானால் பலகையில் அணிக்கு இடப்பக்கம் இருக்கும் எண்ணைச் சொல்லுங்கள், அணியின் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். ஒற்றைப்படை எண் வெளியூர் அணி, இரட்டைப்படை சொந்த மைதான அணி. எண், பந்தய வகை, தொகை என்ற வரிசையில் சொல்லி, டிக்கெட்டை வாங்கியதும் அங்கேயே நின்று படியுங்கள். ஆட்டம் தொடங்கிய பிறகு திருத்தம் கிடையாது. டிக்கெட் கையில் இருப்பவருக்கே பணம், எனவே அன்றே இரண்டு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். காலாவதித் தேதி டிக்கெட்டிலேயே இருக்கும். ரொக்கம் 10,000 டாலரைத் தாண்டினால் கூட்டாட்சி அரசுக்கு அறிக்கை போகும், அதைத் தவிர்க்கத் தொகையைத் துண்டு துண்டாக உடைப்பது தனிக் குற்றம்.

இனி விலைக்கு வருவோம். இந்த மாநிலத்தின் பெரிய அனுகூலம் கடைகள், அதாவது ஸ்போர்ட்ஸ்புக்குகள், பல இருப்பது. ஒவ்வொரு கேசினோவும் பந்தயத் திடலும் மூன்று ஆன்லைன் பிராண்டுகள் வரை நடத்த அனுமதி உண்டு. ஒரே ஆட்டத்துக்கு ஒரு ஆப்பில் -110, இன்னொன்றில் -105 இருப்பது சாதாரணம். ஐந்து டாலர் வித்தியாசம்தானே என்று தோன்றும். -105இல் 210 டாலர் புரண்டால் 5 டாலர்தான் நஷ்டம், அதாவது நூற்றுக்கு 2.38. விலை ஏறக்குறைய பாதி! அதே பக்கத்தை -115க்கு வாங்கினால் நூற்றுக்கு 6.52. இரண்டு நிமிடம் மூன்று ஆப்பைத் திறந்து பார்ப்பதைவிட உறுதியான லாபம் இந்தத் துறையில் வேறு எதிலும் இல்லை. எந்த வீரர் எப்படி ஆடுவார் என்று மணிக்கணக்கில் ஆராய்பவர்கள்கூட இதைச் செய்வதில்லை, அது எனக்கு நிஜமாகவே வருத்தம் தரும் விஷயம்.

அமெரிக்கக் கால்பந்தில் இன்னொன்றும் சேரும். அங்கே ஆட்டங்கள் அதிகம் முடிவது 3 புள்ளி வித்தியாசத்தில், ஏனென்றால் ஃபீல்ட் கோலுக்கு 3 புள்ளி. +3 என்றால் உங்கள் அணியின் புள்ளியோடு 3 சேர்த்து முடிவைப் பார்ப்பது. +3 வாங்கியவருக்கு அணி மூன்றில் தோற்றால் கட்டிய பணம் திரும்பி வரும், அவ்வளவுதான். +3.5 வாங்கியவர் ஜெயிப்பார். மூன்றையும் ஏழையும் சுற்றியுள்ள அரைப் புள்ளிக்கு மதிப்பு அதிகம். ஐந்தைச் சுற்றியுள்ள அரைப் புள்ளிக்கு அவ்வளவு இல்லை, அதற்காக ரேட்டில் அதிகம் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பல பந்தயங்களை ஒரே டிக்கெட்டில் சேர்த்து, எல்லாம் ஜெயித்தால்தான் பணம் என்பது பார்லே. அதில்தான் விலை கண்ணுக்குத் தெரியாமல் வளரும். நான்கு ஆட்டம், ஒவ்வொன்றும் -110. 110 கட்டினால் 210 திரும்பும் என்பதால் ஒவ்வொரு ஆட்டத்தின் பெருக்கம் 1.909. நான்கு முறை பெருக்கினால் 13.28. 10 டாலர் கட்டியவருக்கு ஏறக்குறைய 133 டாலர் வரும், திரையில் கண்ணைப் பறிக்கும். ஆனால் நான்கு சரிசமமான ஆட்டங்களும் ஒரே நாளில் சரியாக வர வாய்ப்பு 16இல் ஒன்று, எனவே நியாயமான தொகை 160. மீதி 27 டாலர் கடைக்கு. நூற்றுக்கு 17. தனித்தனியாகக் கட்டியிருந்தால் 4.55இல் முடிந்திருக்கும். ஒரே ஆட்டத்துக்குள் கட்டும் பார்லேயில் இந்தப் பெருக்கலைக்கூட நாம் சரிபார்க்க முடியாது. பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கின் தூரமும் அவரிடமிருந்து பந்து வாங்குபவரின் தூரமும் சேர்ந்தே ஏறும் என்பதால் ரேட்டைக் கடையின் கணினி தனியாகக் கட்டுகிறது, நாம் பார்ப்பது இறுதி எண்ணை மட்டும். அமலாக்கப் பிரிவு மாதாமாதம் வெளியிடும் வருவாய் அறிக்கையில் பார்லேவுக்குத் தனி வரிசை உண்டு. ஸ்போர்ட்ஸ்புக்குகள் தங்களிடம் வந்த பணத்தில் எத்தனை சதவீதத்தை வைத்துக்கொண்டன என்று அந்த வரிசையையும் கால்பந்து, கூடைப்பந்து வரிசைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முகப்புப் பக்கம் முழுவதும் ஏன் பார்லே விளம்பரம் என்பது புரிந்துவிடும்.

சாம்பியன் யார் என்று சீசன் தொடங்கும் முன்பே கட்டும் பந்தயங்களும் இதே ரகம். எல்லா அணிகளின் ரேட்டையும் வெற்றி வாய்ப்புச் சதவீதமாக மாற்றிக் கூட்டினால் 100இல் நிற்காது, 120, 130 என்று போகும். அதிலும் பணம் மாதக்கணக்கில் முடங்கிக் கிடக்கும்.

கடை இலவசமாகத் தரும் போனஸ் பெட் பற்றி ஒரு கணக்கு போதும். 50 டாலர் போனஸ் பெட்டில் ஜெயித்தால் லாபம் மட்டும் வரும், அந்த 50 வராது. அதை -200 இருக்கும் பலமான அணியின்மேல் வைத்தால் மூன்றில் இரண்டு முறை 25 டாலர், சராசரியாக 16 டாலர் 67 சென்ட்தான் அந்தப் போனஸின் மதிப்பு. +400 (100 கட்டினால் 400 லாபம்) அணியின்மேல் வைத்தால் ஐந்தில் ஒருமுறை 200 டாலர், சராசரி 40. கடையின் பங்கை ஒதுக்கிவிட்டுச் சொல்லும் கணக்கு இது, ஆனால் பாடம் மாறாது: சொந்தப் பணத்தில் தவிர்க்கும் நீண்ட ரேட்டுக்குத்தான் போனஸ் பொருந்தும். காலாவதியைப் பாருங்கள், பெரும்பாலும் 7 நாள்.

ஆட்டத்தின் நடுவில் "இப்போதே பணம் எடு" என்று வரும் பொத்தானும் ஒரு விற்பனைதான். 100 டாலர் +300இல் கட்டிய அணி இப்போது ஜெயிக்க 60 சதவீதம் வாய்ப்பு என்றால், 400 டாலர் டிக்கெட்டின் மதிப்பு 240. திரையில் 215 காட்டினால், அவசரத்துக்கு 25 டாலர் கேட்கிறார்கள். நேரலைப் பந்தயத்தில் கடையின் பங்கும் அதிகம், தாமதமும் உங்களுக்கு எதிர். ஸ்ட்ரீமிங்கில் நீங்கள் பார்ப்பது சில பத்து நொடிகள் பழையது, கடையிடம் இருப்பது மைதானத்திலிருந்து நேராக வரும் தரவு.

தீர்ப்பு விதிகள் தெரியாமல் ஏமாறுவது இன்னொரு பெரிய கூட்டம். சாக்கரில் வெற்றி, தோல்வி, டிரா என மூன்று வழிப் பந்தயம் 90 நிமிடமும் காயநேரமும் முடிந்ததோடு தீர்ந்துவிடும். நாக் அவுட் ஆட்டத்தில் உங்கள் அணி பெனால்டியில் ஜெயித்தாலும் டிக்கெட் தோற்றதுதான், ஏனென்றால் 90 நிமிட முடிவு டிரா. கூடுதல் நேரமும் சேர வேண்டுமானால் "அடுத்த சுற்றுக்குத் தகுதி" என்ற பந்தயத்தை எடுக்க வேண்டும். கிரிக்கெட்டும் இங்கே பல ஆப்புகளில் உண்டு. சூப்பர் ஓவர் சேருமா, மழையில் குறைந்த ஓவர் ஆட்டத்தில் ரன் பந்தயங்கள் நிற்குமா ரத்தாகுமா என்பது ஆப்புக்கு ஆப்பு மாறும், கட்டும் முன் விதிப் பக்கத்தில் தேடுங்கள். தனிவீரர் பந்தயத்தில் அவர் களமே இறங்காவிட்டால் பொதுவாகப் பணம் திரும்பும். ஒரு நிமிடம் ஆடிக் காயத்தோடு வெளியேறினால் பந்தயம் நிற்கும்.

விதிப் பக்கத்தில் "வெளிப்படையான பிழை" என்ற பிரிவையும் படியுங்கள். 2018 செப்டம்பர் 16 அன்று மெடோலேண்ட்ஸில் உள்ள ஃபேன்டூயல் நிறுவனத்தின் கவுன்ட்டரில் டென்வர், ஓக்லண்ட் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தின் கடைசி நொடிகளில் கணினி தவறுதலாக +75000 என்று ரேட் காட்டியது. 110 டாலர் கட்டிய ஒருவரின் டிக்கெட் 82,610 டாலர் என்றது. நிறுவனம் முதலில் மறுத்தது, பின்னர் முழுத்தொகையும் கொடுத்தது. அது எல்லோருக்கும் கிடைக்கும் என்று நம்பக் கூடாது. தகராறு வந்தால் பந்தய எண், நேரம், ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் சேர்த்து முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் திருப்தியில்லை என்றால் அமலாக்கப் பிரிவின் இணையதளத்தில் புகார்ப் படிவம் இருக்கிறது. வெளிநாட்டுத் தளத்தில் கட்டியவருக்கு இந்தக் கதவு கிடையாது.

அங்கே போகத் தூண்டும் காரணங்களில் ஒன்று கல்லூரி ஆட்டத் தடை. நியூ ஜெர்சிக் கல்லூரி அணிகள் எங்கே ஆடினாலும் இங்கே பந்தயம் கிடையாது. ரட்கர்ஸ், சீட்டன் ஹால், பிரின்ஸ்டன் எல்லாம் அடக்கம். இதைத் தளர்த்தக் கேட்ட 2021 வாக்கெடுப்பு தோற்றது. மறு ஆண்டே ஜெர்சி சிட்டியின் செயின்ட் பீட்டர்ஸ், தேசியக் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டியில் 15ஆம் தரவரிசையிலிருந்து கடைசி எட்டு அணிகளுக்குள் நுழைந்த முதல் அணியானது, கென்டக்கியையும் பர்டூவையும் வீழ்த்தி. சொந்த ஊர்க்காரர்கள் சட்டப்படி ஒரு டாலர்கூடக் கட்ட முடியவில்லை. மாணவ வீரர்களை நெருக்கடியிலிருந்து காக்கும் விதி இது, இருக்கட்டும் என்பதே என் கருத்து.

தொடர்ந்து ஜெயிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கடைகள் உங்கள் பந்தயத் தொகைக்கு உச்சவரம்பு போடும். 500 டாலர் கட்டினால் 12 டாலர்தான் ஏற்கும் என்று ஒருநாள் திரை சொல்லும். அது பழுது அல்ல.

வரியில்தான் கடைசி விலை இருக்கிறது. மாநிலம் ஸ்போர்ட்ஸ்புக்குகளிடம் ஆன்லைன் வருவாயில் எடுக்கும் வரி 2025 ஜூலை முதல் 13இலிருந்து 19.75 சதவீதமானது. அது அவர்கள் பாடு. உங்கள் பாடு வேறு. நியூ ஜெர்சி வருமான வரிப் படிவத்தில் அதே ஆண்டின் தோல்வியை வெற்றியிலிருந்து கழித்து மீதியைக் காட்டலாம். கூட்டாட்சியில் அப்படி இல்லை: வெற்றி முழுவதும் வருமானம், தோல்வியைக் கழிக்க வகைவாரியான கழிவுகளை (itemized deductions) எடுத்தாக வேண்டும். பொதுக் கழிவு (standard deduction) எடுப்பவர்களுக்குத் தோல்வியால் ஒரு பயனும் இல்லை. 2025 ஜூலை 4 கையெழுத்தான சட்டப்படி 2026 வரியாண்டு முதல் தோல்வியில் 90 சதவீதம்தான் கழியும். 10,000 ஜெயித்து 10,000 தோற்றவர் கையில் ஒரு பைசா இல்லை, ஆனாலும் 1,000 டாலருக்கு வரி கட்ட வேண்டும். சூதாட்ட வெற்றியை வரித்துறைக்குத் தெரிவிக்கும் டபிள்யூ-2ஜி படிவம் நிறுவனத்திடமிருந்து வருவது பொதுவாகக் கட்டியதுபோல் 300 மடங்கு ஜெயித்தால்தான். படிவம் வராததால் வரி இல்லை என்று ஆகாது. எஃப்-1 விசாவில் வரிக் கணக்குப்படி வெளிநாட்டவராக இருக்கும் மாணவர்களுக்கு நிலைமை இன்னும் கடுமை, 30 சதவீதம், தோல்விக் கழிவு கிடையாது. ஆண்டு முடிந்ததும் ஒவ்வொரு ஆப்பிலிருந்தும் முழு வரவு செலவு அறிக்கையை இறக்கி வையுங்கள். கணக்கை மூடிய பிறகு எடுப்பது பெரும்பாடு.

கணக்குத் திறந்த அன்றே, முதல் டெபாசிட்டுக்கு முன், டெபாசிட் வரம்பை வையுங்கள். வரம்பைக் குறைத்தால் உடனே அமலாகும். கூட்டினால் பழைய வரம்பின் காலம் முடிந்த பிறகே அமலாகும். இது மாநில விதி, நம் நன்மைக்கானது. ஒரு ஆப்பில் உங்கள் மொத்த டெபாசிட் 2,500 டாலரைத் தாண்டும்போது பந்தயம் நின்று ஒரு அறிவிப்பு வரும், நீங்கள் படித்து ஒப்புக்கொண்டால்தான் தொடரும். அவசரமாகத் தட்டிவிடாமல், அந்த நிமிடம் வரவு செலவுப் பக்கத்தைத் திறந்து நிகர எண்ணைப் பாருங்கள். கொஞ்சம் விலகியிருக்க வேண்டுமானால் குறைந்தது 72 மணி நேரம் கணக்கை நிறுத்தி வைக்கலாம்.

கை மீறிப் போகிறது என்றால் ஆப்புக்கு ஆப்பு நிறுத்துவது போதாது. அமலாக்கப் பிரிவின் இணையதளத்தில் சுயவிலக்குப் பட்டியலில் சேர்ந்தால் மாநிலத்தின் எல்லா ஆன்லைன் தளங்களும் ஒரே முறையில் மூடும். ஓராண்டோ ஐந்தாண்டோ தேர்ந்தெடுக்கலாம், நடுவில் வெளியே வர முடியாது. பட்டியலில் இருக்கும்போது எப்படியோ உள்ளே நுழைந்து ஜெயித்தாலும் அந்தப் பணம் பறிமுதலாகும். படிவத்தில் தயக்கம் இருந்தால் முதலில் 1-800-426-2537 எண்ணுக்கு அழையுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள், வீட்டில் இருப்பவர்களும் அழைக்கலாம்.